பாலை மண் கற்றுத்தரும் கணக்கு
ராஜஸ்தான்: நிலமும் வரலாறும் ஆட்சியும்



பாலைவனம் என்றவுடன் நம் இல்லங்களில் உள்ளோரின் நினைவிற்கு வருவன அரபு நாடுகளே. ஹஜ், உம்ராவிற்குச் சென்று வந்தோர் உண்டு. பிழைப்பைத் தேடிச் சவூதியிலும் குவைத்திலும் துபாயிலும் ஆண்டுக்கணக்கில் தங்கியோரும் உண்டு. ஆனால், நம் நாட்டிற்குள்ளேயே ஒரு பாலைவன மாநிலம் இருக்கிறது. வடபழனியிலும் தியாகராய நகரிலும் நகை அடகுக் கடை வைத்திருக்கும், நாம் ‘சேட்டு’ என்றழைக்கும் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகம் அம்மண்ணே. அவர்களைக் குறிக்கும் ‘மார்வாரி’ என்னும் சொல்லும் பாலைவனத்தைக் குறிக்கும் ‘மரு’ என்னும் வடசொல்லிலிருந்து பிறந்ததாகும். அஜ்மீருக்கு ஜியாரத் சென்று வருவோர் நம்மிடையே பலர் இருந்தும், அந்த ராஜஸ்தான் மாநிலத்தின் வரலாற்றை அறிந்தோர் மிகச் சிலரே.

அதை நாம் ஏன் அறிய வேண்டும்? ஒரே ஒரு ஒப்பீட்டைப் பாருங்கள். சென்னையில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. ராஜஸ்தானின் மேற்குக் கோடியிலுள்ள ஜெய்சல்மேரில் பொழிவது 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அப்படியிருந்தும், 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் குடிநீரை ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்திற்கு ரயில் வந்தது. ஜெய்சல்மேரோ 1156ஆம் ஆண்டு நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் ஊர். எட்டு நூற்றாண்டுகளாக அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். மழை மிகுந்த ஊர் தவித்தது. மழையற்ற ஊர் தழைத்தது. இதன் காரணத்தை அறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலத்தின் அமைப்பு

2000ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மத்தியப் பிரதேசத்திலிருந்து சத்தீஸ்கர் பிரிக்கப்பட்டதும், இந்தியாவின் மிகப் பெரிய மாநிலமாக ராஜஸ்தான் ஆயிற்று. இதன் பரப்பு 3,42,239 சதுர கிலோமீட்டர். நாட்டின் நிலப்பரப்பில் இது பத்தில் ஒரு பங்கு. தமிழகத்தைப் போல் இரண்டரை மடங்கிற்கும் மேல். ஆனால், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் வாழ்ந்தோர் 7.21 கோடி, ராஜஸ்தானில் வாழ்ந்தோர் 6.85 கோடியே. அவர்களுள் நூற்றுக்கு ஒன்பது பேர் முஸ்லிம்கள்.

தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஆரவல்லி மலைத்தொடர் இம்மாநிலத்தை இரண்டாகப் பகுக்கிறது. இதன் உச்சி, அபு மலையிலுள்ள 1722 மீட்டர் உயரமான குரு சிகரம். அரபிக் கடலிலிருந்து வரும் பருவக்காற்றுக்குக் குறுக்கே நில்லாமல், அக்காற்று வீசும் திசையிலேயே இத்தொடர் நீண்டு கிடப்பதால் மேகங்கள் தடுக்கப்படாமல் கடந்து போகின்றன. வங்கக் கடலிலிருந்து வரும் காற்றோ இங்கு வந்து சேர்வதற்குள் தன் ஈரத்தைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. ஆகவே மலைக்குக் கிழக்கே வயல்களும், வற்றாத சம்பல் ஆறும் உள்ளன. மேற்கே தார்ப் பாலைவனம் விரிந்து கிடக்கிறது. அஜ்மீர் அருகே பிறக்கும் லூனி ஆறு மேற்பகுதியில் நன்னீராய் ஓடி, பாலோத்ராவைத் தாண்டியதும் உவர்ப்பாகி, கடலை எட்டாமலேயே கட்ச் வளைகுடாவை ஒட்டிய சதுப்பு நிலத்தில் முடிந்துவிடுகிறது.

நீரை எண்ணி வாழ்ந்த மக்கள்

இம்மண்ணின் மக்கள் நீரை மூவகையாகப் பிரித்து அறிந்திருந்தனர் என்று, மறைந்த ஆய்வாளர் அனுபம் மிஸ்ரா 1995ஆம் ஆண்டு வெளிவந்த தம் இந்தி நூலில் விளக்கியுள்ளார். நேராகக் கிடைக்கும் மழைநீர் ‘பாலர்’. ஆழ்கிணற்று நீர் ‘பாதாள்’. இவ்விரண்டிற்கும் இடையே, மணலுக்கடியிலுள்ள ஜிப்சப் படுகையின் மேல் தேங்கி நிற்கும் ஈரம் ‘ரேஜானி’.

மழைநீரைச் சேர்க்க அவர்கள் ‘டாங்கா’ என்னும் நிலத்தடித் தொட்டிகளைக் கட்டினார்கள். சுற்றிலுமுள்ள தரையை நடுவை நோக்கிச் சரிவாக இறுக்கி, நடுவில் சுண்ணாம்பு பூசிய தொட்டியை அமைத்து மூடியிடுவார்கள். மழைநீர் வழிந்துவரும் அத்தரையில் செருப்புக் காலுடன் நடப்பதில்லை. அதைத் தூய்மையாக வைத்திருப்பது குடும்பத்தாரின் கடமை. வீட்டுக் கூரையில் விழும் நீரும் குழாய் வழியே தொட்டிக்கு வந்து சேரும்.

ஜெய்சல்மேர்ப் பகுதியின் பாலிவால் சமூகத்தார் ‘கடீன்’ என்னும் முறையில் வேளாண்மை செய்தார்கள். பாறைச் சரிவிலிருந்து ஓடிவரும் மழைநீரைத் தாழ்ந்த நிலத்தில் நீண்ட மண்கரை எழுப்பித் தடுப்பார்கள். தேங்கிய நீரை மண் உறிஞ்சிக்கொண்டபின், அந்த ஈரத்தைக் கொண்டே குளிர்காலத்தில் கோதுமை விளைவிப்பார்கள். பாலைவனத்தில், பாசனமே இல்லாமல் கோதுமை!

எல்லாவற்றிலும் வியப்பிற்குரியது, ரேஜானி ஈரத்தை எடுக்கும் ‘கூயி’ என்னும் சின்னஞ்சிறு கிணறு. ஒருவர் குந்தியமர்ந்து தோண்டும் அளவே அதன் அகலம். மணலில் ஒட்டியிருக்கும் ஈரம் துளித்துளியாகக் கசிந்து, நாளொன்றுக்கு இரண்டு மூன்று குடம் நீர் ஊறும். கூயி ஒரு குடும்பத்தின் சொத்து. ஆனால் அது தோண்டப்படும் நிலம் ஊர்ப்பொது. மணலின் ஈரம் அனைவருக்கும் உரியது. புதிய கூயி ஒன்று, இருப்பவற்றின் பங்கைக் குறைத்துவிடும். ஆகவே ஊராரின் இசைவின்றிப் புதிதாகத் தோண்ட இயலாது. ‘என் நிலம், என் மோட்டார், என் தண்ணீர்’ என்று நாம் பேசுகிறோமே, அந்தப் பேச்சிற்கு அங்கே இடமில்லை.

மரத்தையும் அவர்கள் அவ்வாறே போற்றினார்கள். 1730ஆம் ஆண்டு ஜோத்பூர் மன்னரின் அரண்மனைப் பணிக்காகக் கேஜர்லி கிராமத்தில் மரங்களை வெட்ட ஆட்கள் வந்தபோது, அம்ருதா தேவி என்னும் பெண்மணியின் தலைமையில் பிஷ்னோய் மக்கள் மரங்களைக் கட்டித் தழுவி நின்றனர். 363 பேர் உயிரிழந்தனர். அம்மரம் வேறொன்றுமன்று, நம் தமிழகத்தில் வன்னி என்று வழங்கும் மரமே.

மன்னர்களும் இறைநேசர்களும்

மேவாரில் சிசோதியர், மார்வாரிலும் பிக்கானேரிலும் ராத்தோர், ஜெய்சல்மேரில் பாட்டி, ஆம்பேரில் கச்சவாஹர் எனப் பல ராஜபுத்திர மரபினர் இந்நிலத்தை ஆண்டனர். இவ்வரலாற்றை இரு சமயங்களின் போராக மட்டும் சொல்வோர் உள்ளனர். ஆனால் 1576ஆம் ஆண்டு ஹல்திகாட்டிப் போரைப் பாருங்கள். அக்பரின் படைக்குத் தலைமை தாங்கியவர் ஆம்பேரின் ராஜா மான்சிங். அவரை எதிர்த்த மேவார் ராணா பிரதாப்பின் படைத்தளபதிகளுள் ஒருவர் ஹகீம் கான் சூர் என்னும் ஆப்கானியர். அது ஆட்சிக்கான போர். மார்க்கத்திற்கான போர் அன்று.

அஜ்மீரில் அடங்கியிருக்கும் ஹள்ரத் க்வாஜா முயீனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்கள் 1236ஆம் ஆண்டு மறைந்தார்கள். எளியோர்க்கு உணவளித்தலும் எல்லோரையும் அரவணைத்தலும் அவர்களின் பாதையாக இருந்தன. பின்னாளில் அக்பர் பெரிய தேகையும் ஜஹாங்கீர் சிறிய தேகையும் அங்கு அன்பளிப்பாக வழங்கினார்கள். அந்நகரின் ஆனா சாகர் ஏரியும் ஒரு பாடமே. 12ஆம் நூற்றாண்டில் அதை வெட்டியவர் சௌகான் மன்னர் அர்ணோராஜா. அதன் கரையில் தோட்டம் அமைத்தவர் ஜஹாங்கீர். பளிங்கு மண்டபங்கள் எழுப்பியவர் ஷாஜஹான். ஆட்சி மாறியது; ஏரி காக்கப்பட்டது.

க்வாஜா அவர்களின் சீடரான சூஃபி ஹமீதுத்தீன் (ரஹ்) அவர்கள் நாகௌரில் வாழ்ந்தார்கள். இது நம் நாகப்பட்டினத்து நாகூர் அன்று; பாலைநிலத்து ஊர். மன்னர்களின் கொடைகளை நாடாமல், ஒரு பிகா அளவுள்ள சிறு நிலத்தைத் தாமே உழுது பயிரிட்டு, புலால் தவிர்த்து எளிய வாழ்வு வாழ்ந்தார்கள். கையளவு நீர் உள்ள மண்ணில், தம் உழைப்பில் விளைந்ததை மட்டும் உண்ட அப்பெரியாரின் வாழ்வே ஒரு பயான்!

ராஜபுதனத்தில் முஸ்லிம் ஒருவர் ஆண்ட ஒரே சமஸ்தானம் டோங்க். 1817ஆம் ஆண்டு ஆங்கிலேயருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே அமீர் கான் அதன் நவாபானார். அவர் மரபில் வந்த நவாப் முகம்மது அலீ கான் 1867ஆம் ஆண்டு ஆங்கிலேயரால் பதவி நீக்கப்பட்டுக் காசிக்கு அனுப்பப்பட்டார். அரியணையை இழந்த அவர் கிதாபுகளைத் திரட்டுவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். இன்று டோங்கிலுள்ள மௌலானா அபுல் கலாம் ஆசாத் அரபு-பாரசீக ஆய்வு நிறுவனத்தின் கையெழுத்துச் சுவடிகளுக்கு அதுவே அடித்தளம். நவாபின் ஆட்சி போயிற்று. அவர் சேர்த்த இல்மு நிலைத்தது.

மாநிலம் உருவான விதம்

நாடு விடுதலை பெற்றபோது இங்கே 19 சமஸ்தானங்களும் 3 சிற்றரசுகளும், ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட அஜ்மீர்-மேர்வாராவும் இருந்தன. 1948ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் அல்வர், பரத்பூர், தோல்பூர், கரௌலி ஆகியவை மத்ஸ்ய யூனியனாக இணைந்தன. 1949ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் ஜெய்ப்பூர், ஜோத்பூர், பிக்கானேர், ஜெய்சல்மேர் சேர்ந்து பெரிய ராஜஸ்தான் அமைந்தது. அந்நாளே நெடுங்காலம் ராஜஸ்தான் தினமாகப் போற்றப்பட்டது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் அஜ்மீரும் சேர, ஏழு கட்டங்களில் இணைப்பு நிறைவுற்றது.

இந்த மாற்றம் எல்லோருக்கும் இனிமையாக அமையவில்லை. 1947ஆம் ஆண்டில் அல்வரிலும் பரத்பூரிலும் வாழ்ந்த மேவ் முஸ்லிம்கள் கொடிய வன்முறைக்கு ஆளாகி, ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறினர். அவ்வாண்டு டிசம்பர் 19ஆம் நாள், இன்று ஹரியானாவிலுள்ள காசேடா கிராமத்திற்குச் சென்ற காந்தியடிகள், நாட்டைவிட்டுப் போக வேண்டாம் என்று அம்மக்களைக் கேட்டுக்கொண்டார். பெரும்பாலோர் தங்கினர். இன்றும் மேவாத் மண்ணில் உழவர்களாக வாழ்கின்றனர்.

ஆட்சி அமைப்பு

ஜெய்ப்பூர் தலைநகர், உயர் நீதிமன்றத்தின் தலைமையிடம் ஜோத்பூர், கிளை ஜெய்ப்பூரில். சட்டமன்றத்திற்கு 200 உறுப்பினர்கள். மக்களவைக்கு 25 பேர், மாநிலங்களவைக்கு 10 பேர். 2023ஆம் ஆண்டில் 33 மாவட்டங்கள் 50 ஆக்கப்பட்டன. அடுத்து வந்த அரசு 2024 டிசம்பரில் ஒன்பதை நீக்கி 41 ஆக்கியது.

1954 முதல் 1971 வரை பதினேழு ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த மோகன்லால் சுகாடியா, பின்னர் 1976இல் நம் தமிழகத்தின் ஆளுநராகவும் வந்தவர். அவரையடுத்து முதலமைச்சரானவர் ஜோத்பூரைச் சேர்ந்த பர்கத்துல்லா கான். ராஜஸ்தானின் ஒரே முஸ்லிம் முதலமைச்சரான அவர், 1973ஆம் ஆண்டு அக்டோபரில் பதவியிலிருக்கும்போதே காலமானார்.

ஊராட்சி முறையின் வரலாற்றிலும் இம்மாநிலத்திற்குத் தனியிடம் உண்டு. 1959ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு பஞ்சாயத்து ராஜ் அமைப்பைத் தொடங்கி வைத்தது, ஹமீதுத்தீன் (ரஹ்) அவர்கள் ஏர் பிடித்த அதே நாகௌரில்தான்.

கணக்குக் கேட்ட ஏழைகள்

நாடு முழுவதற்கும் பயன் தந்த ஒரு போராட்டமும் இந்த மண்ணிலேயே பிறந்தது. அதன் முன்னணியில் நின்றவர், 1946ஆம் ஆண்டு நம் சென்னையில் பிறந்த அருணா ராய். ஐ.ஏ.எஸ். பணியை 1975இல் துறந்து ராஜஸ்தானின் கிராமங்களுக்குச் சென்ற அவர், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோருடன் 1990ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் ‘மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன்’ என்னும் உழைப்பாளர்-உழவர் அமைப்பைத் தொடங்கினார்.

வறட்சி நிவாரண வேலைகளில் மண் சுமந்த ஏழைகளுக்கு உரிய கூலி கிடைக்கவில்லை. கேட்டால், ‘பதிவேட்டில் உள்ளபடிதான் கொடுத்திருக்கிறோம்’ என்று விடை வந்தது. ‘அப்படியானால் அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள்’ என்றார்கள் மக்கள். 1994ஆம் ஆண்டு டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் பொது விசாரணை நடந்தது. ஊர் நடுவே கணக்கு உரக்கப் படிக்கப்பட்டது. இத்தகைய விசாரணைகளில், இறந்தவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், கட்டப்படாத கட்டடத்திற்குப் பணம் எடுக்கப்பட்டிருந்ததும் எழுத்தறியாதவர்க்கும் புரியும்படி வெளிப்பட்டன. 1996ஆம் ஆண்டு பியாவர் நகரில் நாற்பது நாட்கள் அறப்போராட்டம் நடந்தது. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பதே அவர்களின் முழக்கம். 2000ஆம் ஆண்டு ராஜஸ்தானில் தகவல் உரிமைச் சட்டம் நிறைவேறியது. 2005ஆம் ஆண்டு அக்டோபர் 12 முதல் நாடு முழுவதற்கும் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்று ரேஷன் அட்டைக்கும் பட்டாவிற்கும் நாம் எழுதிக் கேட்கும் உரிமை, மண் சுமந்த அந்தக் கைகள் பெற்றுத் தந்ததாகும்.

இது நமக்குப் புதிய செய்தியா? ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைப் பொதுநிதியென ஒப்படைத்து, மறு பகுதியைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பென்று கூறியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி நின்று மக்கள் அனைவரும் கேட்க அதைக் கண்டித்தார்கள். பொதுப்பணத்தின் கணக்கு மறைவில் முடிக்கப்படுவதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறந்த பாடமும் மீண்ட ஆறும்

1899-1900ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தைக் கண்ட பிக்கானேர் மன்னர் கங்கா சிங், 1927ஆம் ஆண்டு கங் கால்வாயைக் கொண்டுவந்தார். அடுத்து 1958ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் ராஜஸ்தான் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1984இல் இந்திரா காந்தியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து 649 கிலோமீட்டர் நீளும் இக்கால்வாய் மணற்காட்டை வயலாக்கியது. இலட்சக்கணக்கானோரின் தாகத்தைத் தீர்த்தது. அதை மறுக்க இயலாது.

ஆனால், நீர் பெருகியபோது கணக்கு மறந்தது. அளவின்றிப் பாய்ச்சியதால் ஹனுமான்கர் பகுதியில் நிலங்கள் நீர் தேங்கி உவராயின. குழாய் வந்த ஊர்களில் பழைய தொட்டிகள் தூர்ந்தன. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நிலத்தடியில் எடுக்கத்தக்க நீர் 100 லிட்டர் என்றால் ராஜஸ்தான் எடுப்பது ஏறத்தாழ 149 லிட்டர். 2022ஆம் ஆண்டு கோடையில் பாலி நகருக்கு ஜோத்பூரிலிருந்து ரயிலில் குடிநீர் அனுப்ப வேண்டியதாயிற்று. முன்னோர் கற்றுத் தந்தவர்களே ஆயினும், பிள்ளைகள் மறந்தால் பாலை மன்னிப்பதில்லை.

மீண்ட ஊர்களும் உண்டு. 1985ஆம் ஆண்டு அல்வர் மாவட்டத்தின் கோபால்புரா கிராமத்திற்கு மருத்துவப் பணி செய்யச் சென்றார் ராஜேந்திர சிங். ஊர்ப் பெரியவர் ஒருவரோ, மருந்தை விட நீரே தேவை என்று கூறி, ‘ஜோஹட்’ என்னும் பழைய மண்கரைக் குளங்களைத் தூர்வாரச் சொன்னார். கிராமம் கிராமமாக அப்பணி பரவியது. மழைக்காலம் தவிர வறண்டு கிடந்த அர்வரி ஆறு மீண்டும் ஓடியது. ஆறு திரும்பியதும் அதன் கரையிலுள்ள ஏறத்தாழ 70 கிராமத்தார் கூடி ‘அர்வரி மன்றம்’ அமைத்து, மிகுதியாக நீர் உண்ணும் பயிர்களுக்குத் தடை விதித்தனர். நீர் கிடைத்தபின்னும் கணக்கைக் கைவிடாததே அவர்களின் சிறப்பு.

நமக்கான படிப்பினை

அன்பர்களே! நம் பகுதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த தியாகராய நகர், 1920களில் மாம்பலத்தின் நெடிய ஏரியை மூடி எழுப்பப்பட்டதாகும். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ சாலை’ என்று பெயர்ப் பலகை இருக்கிறது, ஏரி இல்லை. 2003ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அன்று அமைத்த குழிகளுள் இன்று எத்தனை அடைபடாமல் இருக்கின்றன? நம் வீட்டுக் குழியை நாம் கடைசியாக என்று திறந்து பார்த்தோம்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளுச் செய்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் பதிவாகியுள்ளது. அது ஏறத்தாழ ஒரு லிட்டர், அல்லது அதற்கும் குறைவு. நாம் குழாயை முழுதும் திறந்துவிட்டு, முகம் கழுவும்போதே அவ்வளவையும் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறோம்.

ஆகவே, ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வீட்டு மழைநீர்க் குழியைத் தூர்வாருவார்களாக. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒளுச் செய்த நீர் மண்ணுக்குள் இறங்க ஒரு குழி வெட்டப்படட்டும். அதைப் போன்றே ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கு, கேட்பவர் கேட்கும் வரை காத்திராமல், எல்லோரும் படிக்கும்படி மாதந்தோறும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்படட்டும். நீரும் நிதியும் நம் சொத்தல்ல, அமானிதம். நாளை மறுமையில் இவ்விரண்டைக் குறித்தும் நாம் விசாரிக்கப்படுவோம்.

200 மில்லிமீட்டர் மழையில் ஒரு சமுதாயம் எண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்து காட்டியது. 1400 மில்லிமீட்டரை நமக்கு அளித்த ரப்புல் ஆலமீன், அதற்கேற்ற நன்றியையும் பொறுப்பையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.